ஒலி ஒன்று, வேர் பல: 'லீ' என்னும் குடும்பப்பெயர் பற்றிய ஒரு திறனாய்வு

1. சிக்கல்

தமிழ் இதழ்களிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் 'லீ' என்னும் ஓரசைப் பெயர் அடிக்கடி இடம்பெறுகிறது. சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் இயூ (1923–2015), திரைப்பட நடிகர் புரூஸ் லீ (1940–1973), அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய ராபர்ட் லீ (1807–1870) ஆகிய மூவர் பெயரிலும் தமிழ் வாசகர் காண்பது ஒரே எழுத்து. முதலிருவர் பெயரில் இருப்பது ஒரு சீனக் குடிப்பெயர். மூன்றாமவர் பெயரில் இருப்பது இங்கிலாந்தின் நிலப்பெயர் ஒன்றின் வழிவந்தது. இவ்விரண்டிற்கும் வரலாற்று உறவு எதுவும் இல்லை.

இத்தகைய பெயர்களைக் கையாளும் முறையில் மூன்று போக்குகள் தென்படுகின்றன. ஒரு பெயருக்கு ஒரு பொருள் என்று வரையறுத்துவிடும் பெயரகராதிப் போக்கு ஒன்று. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு இன உறவோ மொழி உறவோ நிறுவ முயலும் ஒலியொப்புமைப் போக்கு மற்றொன்று. எந்த மொழிப் பெயராயினும் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கண்டு அப்படியே தமிழாக்கிவிடும் ஆங்கில வழிப் போக்கு மூன்றாவது. இம்மூன்றும் ஒரே பிழையின் மூன்று வடிவங்கள். பெயரின் அடையாளம் அதன் ஒலியில் முழுமையாக அடங்கியுள்ளது என்னும் எண்ணமே அப்பிழை. 'லீ' என்னும் பெயரைச் சான்றாகக் கொண்டு அவ்வெண்ணத்தின் வலுவின்மையைக் காட்டுவதும், மொழிபெயர்ப்பாளர் பின்பற்றத்தக்க நெறியைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

2. ஐரோப்பிய வேர்கள்

ஆங்கிலக் குடும்பப்பெயராகிய 'லீ', பழைய ஆங்கிலத்தின் 'லேஆஹ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. காடு, காட்டினிடையே அமைந்த திறந்த வெளி என்பன அதன் பழம்பொருள்கள். பிற்காலத்தில் மேய்ச்சல் நிலத்தையும் அது குறித்தது. இங்கிலாந்தில் இச்சொல்லால் பெயர்பெற்ற ஊர்கள் பல உண்டு. அவ்வூர்களிலிருந்து வந்தோர் ஊர்ப்பெயரையே குடும்பப்பெயராகக் கொண்டனர். ஆகவே, ஆங்கில 'லீ'க் குடும்பங்கள் அனைத்தும் ஒரு மூதாதையின் வழியினர் என்று கொள்ள இடமில்லை. இச்சொல்லே இடப்பெயர்களின் ஈற்றில் குறுகி, பிராட்லி, ஆஷ்லி, ஸ்டான்லி என்பவற்றில் 'லி' என நிற்கிறது. சித்திரக்கதை ஆசிரியர் ஸ்டான் லீயின் (1922–2018) இயற்பெயர் ஸ்டான்லி லீபர். அவர் தம் முதற்பெயரை இரண்டாகப் பிரித்துப் புனைபெயராக்கிக் கொண்டார். 'கல் நிறைந்த வெளி' எனப் பொருள்படும் தொகைச்சொல் அதனால் தன் பழைய உருபன் எல்லையிலேயே பிரிந்தது. ஆயினும், அவர் எந்த 'லீ'க் குடும்பத்தையும் சேர்ந்தவரல்லர்.

அயர்லாந்தில் வழங்கும் 'லீ' வேறொரு வரலாறு உடையது. பாடலைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லின் அடியாகப் பிறந்த குடிப்பெயர் ஒன்று ஆங்கில ஆட்சிக் காலத்தில் 'லீ' என எழுதப்பட்டது. கன்னாட் பகுதியில் வழிவழியாக மருத்துவத் தொழில் புரிந்த ஒரு குடும்பத்தார் இப்பெயரினர்.

நார்வேயில் மலைச்சரிவைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லாகிய 'ஹ்லீத்' முதலொலியையும் ஈற்றொலியையும் இழந்து 'லீ' ஆயிற்று. அது பண்ணைகளின் பெயராகி, பின்னர்க் குடும்பப்பெயராகியது. ஐக்கிய நாடுகள் அவையின் முதற் பொதுச்செயலாளர் டிரிக்வே லீ (பதவிக்காலம் 1946–1952) இப்பெயரினர். அவர் பெயர் ஆங்கிலத்தில் 'பொய்' எனப் பொருள்படும் சொல்லின் எழுத்துகளையே கொண்டிருப்பதால், ஆங்கில வழியாக மட்டும் அறிவோர் அதனை 'லை' என ஒலிபெயர்த்துவிட வாய்ப்பு உண்டு. ஜாவாவில் மலாய் மொழியில் எழுதிய சீன வழி எழுத்தாளர் லீ கிம் ஹோக்கின் (1853–1912) பெயரும் இதே எழுத்துக்கூட்டலைக் கொண்டது. அங்கு அது டச்சு எழுத்து முறையின் விளைவு. நார்வே மலைச்சரிவும் சீனக் குடிப்பெயரும் ஓரெழுத்தும் மாறாமல் ஒன்றாய் நிற்கும் இவ்விடத்தில், எழுத்துக்கூட்டலைச் சான்றாகக் கொள்ளும் முறை முற்றிலும் தோற்றுப்போகிறது.

3. சீன வேர்கள்

சீனத்தில் 'லீ' என ஒலிக்கும் குடிப்பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. சீனம் தொனிமொழி ஆதலின், ஒரே மெய்யும் உயிரும் கொண்ட அசை தொனி வேறுபாட்டால் வேறு சொல்லாகிறது. மூன்றாம் தொனியில் ஒலிப்பது பிளம் மரத்தையும் கனியையும் குறிக்கும் எழுத்தால் எழுதப்படுவது, இதுவே பெருவழக்கு. சீனாவில் 9 கோடிக்கு மேற்பட்டோர் இப்பெயரினர். இரண்டாம் தொனியில் ஒலிப்பது வேறோர் எழுத்துக்கு உரியது. 'கருமை', 'திரள்' என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. நான்காம் தொனியில் ஒலிக்கும் குடிப்பெயர்களும் உள்ளன. 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் எழுத்துமுறை தொனிக்குறிகளைக் கொண்டது. ஆயினும், செய்தித்தாள்களிலும் பயண ஆவணங்களிலும் அக்குறிகள் விடப்படுவதால் இவ்வேறுபாடுகள் மறைகின்றன.

பிளம் மரத்தைக் குறிக்கும் எழுத்து 'மரம்' என்னும் உறுப்பு மேலும் 'குழந்தை' என்னும் உறுப்பு கீழும் அமைந்தது. ஒருவர் தம் பெயரை வாய்மொழியாகச் சொல்லும்போது "மரம், குழந்தை சேர்ந்த லீ" என்று விளக்குவது சீனர் வழக்கம். ஒலி மட்டும் பெயரை அடையாளப்படுத்தாது என்பதைத் தாய்மொழியாளரே உணர்ந்துள்ளமைக்கு இவ்வழக்கம் சான்று.

'இப்பெயரின் பொருள் பிளம்' என்று கூறி நிறுத்துவதும் போதாது. இது தாங் மரபினரின் (618–907) குடிப்பெயர். அவர்கள் லாவோட்சுவைத் தம் மூதாதையாகக் கொண்டாடினர். தமக்குத் துணைநின்றோருக்குத் தம் குடிப்பெயரையே சிறப்பாக வழங்கினர். 9ஆம் நூற்றாண்டில் ஷாத்தோ துருக்கியத் தலைவர் ஒருவர் இவ்வாறு 'லீ' ஆனார். அவரைப் பொறுத்தவரை அப்பெயர் கனியையோ குருதி உறவையோ குறிக்கவில்லை. அரச ஆதரவைக் குறித்தது. சிறப்புப்பெயர்கள் ஒருவரைச் சுட்டுமேயன்றிப் பண்பை உணர்த்தா என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட அளவையியல் நூலில் கூறிய கருத்து இங்கு நினைக்கத்தக்கது. சொற்பிறப்பைப் பொருள் என்று தலைப்பிட்டு வழங்கும் பெயரகராதிகள் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

4. வியட்நாமும் கொரியாவும்

சீன எழுத்தின் வழியாக இக்குடிப்பெயர்கள் அண்டை நாடுகளுக்கும் பரவின. வியட்நாமில் பிளம் எழுத்துக்குரிய பெயர் 'லீ' என்றும், கருமை எழுத்துக்குரிய பெயர் 'லே' என்றும் ஒலிக்கின்றன. 1009 முதல் 1225 வரை ஆண்டது லீ மரபு. 1428இல் லே லோய் தொடங்கியது பிற்கால லே மரபு. சீனத்தின் பொதுமொழியில் தொனியால் மட்டும் வேறுபடும் இரு பெயர்கள் வியட்நாமியத்தில் உயிரொலியாலும் வேறுபட்டு நிற்கின்றன. வியட்நாமிய 'லீ'யின் ஈற்றில் இலத்தீன் 'ஒய்' எழுத்து வருவதால், ஆங்கிலப் பழக்கத்தில் அதனை 'லை' எனப் படிப்போரும் உண்டு.

கொரியாவில் நிலைமை மேலும் சிக்கலானது. அங்கும் பிளம் எழுத்தே குடிப்பெயர். 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தென்கொரிய மக்களுள் ஏறத்தாழ 14.7 விழுக்காட்டினர் இப்பெயரினர். தென்கொரியப் பொதுமொழியில் மொழிமுதல் மருங்கொலி இகரத்தின் முன் கெடுகிறது. ஆகவே, பெயர் 'ஈ' என்றே ஒலிக்கிறது. வடகொரியாவில் அவ்வொலி கெடாமல் 'ரீ' என வழங்குகிறது. உரோமன் எழுத்திலோ தென்கொரியருள் பெரும்பாலோர் 'லீ' என்று எழுதுகின்றனர். 1392இல் சோசன் அரசை நிறுவிய ஈ சொங்கே, கடற்படைத் தலைவர் ஈ சுன்சின் (1545–1598), தென்கொரியாவின் முதற் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ (பதவிக்காலம் 1948–1960), பின்னர் அப்பதவி வகித்த லீ மியுங் பாக் (2008–2013) ஆகிய நால்வர் குடிப்பெயரும் ஒன்றே. தமிழ் வாசகருக்கு இவை மூன்று வேறு பெயர்களாகத் தோன்றும்.

இவ்வாறு இருமுகப் பிழை நேர்கிறது. வேறு வேறானவை 'லீ' என ஒன்றாகின்றன. ஒன்றேயானது ஈ, ரீ, லீ எனப் பலவாகிறது.

கொரியருக்கு இது எழுத்துச் சிக்கல் மட்டுமன்று. குடிப்பெயருடன் முன்னோர் ஊரும் சேர்ந்தே குலத்தைக் குறிக்கும். சொஞ்சு ஊரின் ஈயும் கியோங்சு ஊரின் ஈயும் வேறு குலங்கள். ஒரே ஊரும் ஒரே குடிப்பெயரும் உடையோர் மணம் புரிவதைத் தடுத்த சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. தமிழ்ச் சமூகத்தில் கூட்டம், கோத்திரம் என்பன மண உறவில் பெற்றிருந்த இடத்தை அறிந்தோர்க்கு இதன் ஆழம் எளிதில் விளங்கும். மொழிமுதல் மெய்யைக் கெடுத்து எழுதும் விதியிலிருந்து குடிப்பெயர்களுக்கு விலக்குப் பெற 2007இல் வழி செய்யப்பட்டது. ஓர் ஒலியை எழுதுவதா விடுவதா என்பது குடும்பத்தின் உரிமை என்னும் நிலை அங்கு ஏற்பட்டுவிட்டது.

5. தமிழ் ஒலி நெறியும் 'லீ'யும்

கொரிய மொழி மருங்கொலியை மொழிமுதலில் தவிர்ப்பது தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்குப் புதுமையன்று. தொல்காப்பிய மொழிமரபு கூறும் மொழிமுதல் எழுத்துகளுள் லகரம் இல்லை. பிறமொழிச் சொற்களில் லகரம் முதலாக வந்தால் அதன் முன் இகரமோ உகரமோ சேரும் என்பது நன்னூல் விதி. இலக்கம், இலாபம், உலோகம் என்பன அவ்வாறு அமைந்தவை. ஒரே தடையைக் கொரியம் மெய்யைக் கெடுத்தும், தமிழ் உயிரைச் சேர்த்தும் தீர்த்துக்கொண்டன. ஒப்புமை தடையில் உள்ளது, தீர்வில் இல்லை.

இவ்வொப்புமையை மொழிக்குடும்ப உறவுக்குச் சான்றாக்க இயலாது. ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதியது முதல், அம்மா, அப்பா போன்ற சில சொற்களின் ஒலியொப்புமையைக் காட்டி உறவு கோரும் முயற்சிகள் தொடர்கின்றன. குழந்தையின் முதல் அசைகளிலிருந்து பிறக்கும் உறவுப்பெயர்கள் உலகெங்கும் ஒத்திருப்பவை. மொழிமுதலில் சில மெய்களை விலக்கும் பண்பும் தொடர்பற்ற பல மொழிகளில் காணப்படுவது. உறவை நிறுவுவதற்கு ஒழுங்கான ஒலி இயைபுகள் அடிச்சொற்களில் தொடர்ந்து காட்டப்பட வேண்டும்.

தமிழ் வடிவமாகிய 'லீ' பற்றி இரு செய்திகள் நோக்கத்தக்கன. நன்னூலார் கூறும் 42 ஓரெழுத்தொருமொழிகளுள் நொ, து ஆகிய இரண்டு நீங்கலாக ஏனையவை நெடில்கள். சீனத்தில் உயிரின் குறில் நெடில் வேறுபாடு பொருள் வேறுபாட்டிற்குப் பயன்படுவதில்லை. எனினும் தமிழர் 'லி' என எழுதாமல் 'லீ' என எழுதுவது இந்நெறிக்குப் பொருந்துகிறது. லகரம் முதலாகாது என்னும் நெறியோ கைவிடப்பட்டுவிட்டது. 'இலீ' என இன்று எவரும் எழுதுவதில்லை. 'லீ குவான் இயூ' என்னும் வடிவத்தில் யகரத்தின் முன் இகரம் நிற்பது பழைய நெறியோடு ஒத்துப்போகிறது. ஒரே பெயரின் முதலில் நெறி மீறப்பட்டும் இறுதியில் பேணப்பட்டும் இருப்பது தமிழ் ஒலிபெயர்ப்பு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை என்பதைக் காட்டுகிறது.

6. ஒலி மறைத்த உறவு

ஒலியொப்புமைப் போக்குக்கு எதிரான வலுவான சான்று ஆங்கில 'லீ'யிலேயே உள்ளது. அதன் மூலமாகிய 'லேஆஹ்', புனிதச் சோலையைக் குறிக்கும் இலத்தீன் 'லூக்குஸ்', வயலைக் குறிக்கும் லித்துவேனிய 'லௌக்கஸ்', திறந்த வெளியையும் பின்னர் உலகத்தையும் குறித்த வடமொழி 'லோக' என்பன ஒரே இந்தோ–ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்தவை. மூலத்தின் ககரம் செருமானியக் கிளையில் ஹகரமாதல் ஒழுங்கான மாற்றம். நூறு என்னும் பொருளுடைய இலத்தீன் 'கென்ட்டும்', ஆங்கில 'ஹண்ட்ரட்' என்பவற்றிலும் அம்மாற்றமே உள்ளது. அந்த ஹகரமும் பின்னர்க் கெட, 'லீ' எஞ்சியது. மரங்களிடையே ஒளி புகும் வெளி என்பதே இச்சொற்களை இணைக்கும் பழம்பொருள்.

தமிழின் 'உலகம்' வடமொழி 'லோக' என்பதிலிருந்து வந்ததென்பது பெரும்பான்மையோர் கொள்கை. தனித்தமிழ் வேர் காட்டுவோரும் உளர். இருக்கு வேதத்தில் 'உலோக' என்னும் வடிவமும் காணப்படுவதால், தமிழ் உகரம் மேற்கூறிய ஒலி நெறியால் மட்டும் வந்ததா என்பதும் விவாதத்திற்குரியது. பெரும்பான்மைக் கொள்கையை ஏற்பின், ராபர்ட் லீயின் பெயரில் உள்ள சொல்லும் தமிழில் நாள்தோறும் வழங்கும் 'உலகம்' என்னும் சொல்லும் ஒரே மூலத்தில் சென்று சேரும். புரூஸ் லீயின் பெயர் அம்மூலத்தோடு சேராது. ஒத்தொலிக்கும் பெயர்கள் உறவற்றவையாகவும், சற்றும் ஒத்தொலிக்காத சொற்கள் உறவுடையனவாகவும் இருக்கின்றன. ஓரசைச் சொற்களில் தற்செயல் ஒப்புமைக்கு வாய்ப்பு மிகுதி ஆதலின், பெயர் குறுகக் குறுக ஒலிச் சான்றின் மதிப்பும் குறைகிறது.

7. மொழிபெயர்ப்பாளர் நடைமுறை

ஆங்கில வழிப் போக்கு முற்றிலும் தவிர்க்கக்கூடியதன்று. பெரும்பாலான அயற்செய்திகள் தமிழுக்கு ஆங்கில வழியாகவே வருகின்றன. அதன் விளைவுகளும் எப்போதும் தீயனவல்ல. புரூஸ் லீ, ஜெட் லீ ஆகியோரின் குடிப்பெயர் சீன எழுத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் அவை இருவேறு எழுத்துக்கூட்டல் பெற்றுள்ளன. தமிழ் அவற்றை மீண்டும் ஒன்றாக்கியுள்ளது. அது அறிந்து செய்ததன்று, தற்செயலாய் நேர்ந்தது. தற்செயலை நெறியாகக் கொள்ள இயலாது.

பெயர் வரிசையில் நேரும் பிழை இதனினும் பெரிது. சீன, கொரிய, வியட்நாமியப் பெயர்களில் குடிப்பெயர் முதலில் வரும். தமிழரிடம் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும் இயற்பெயர் பின்னும் நிற்பதால், முன்னிற்பதை விட்டுப் பின்னிற்பதைச் சொல்வது இயல்பான பழக்கம். அப்பழக்கத்தில் 'லீ குவான் இயூ' என்பதிலுள்ள 'லீ' ஒரு தலைப்பெழுத்துப் போலக் கருதப்பட்டு, 'திரு. இயூ' என்னும் பிழை வடிவம் தோன்றுகிறது. நூற்பொருளடைவுகளிலும் அவர் இயூ என்னும் தலைப்பில் இடம்பெற நேர்கிறது. நாடு எதுவாயினும் வரிசை ஒன்றே எனக் கொள்வதும் தவறு. மேலை வழக்கைத் தழுவிய புரூஸ் லீயிடம் குடிப்பெயர் இறுதியில் உள்ளது.

இவற்றைக் கருத்திற்கொண்டு பின்வரும் நெறிகளை வகுக்கலாம். முதலாவதாக, பெயரை எழுதுவதற்கு முன் அதற்குரியவரின் மொழி எது என்று உறுதிசெய்தல் வேண்டும். நாட்டைக் கொண்டு மட்டும் இதனை முடிவு செய்ய இயலாது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'லீ' என்னும் குடும்பப்பெயருடையோர் ஏறத்தாழ 7 லட்சம் பேர். அவர்களுள் ஐந்தில் இருவர் அளவினர் ஆசிய வழியினர். ஏனையோருள் ஐரோப்பிய வழியினரும் ஆப்பிரிக்க வழியினரும் உளர். இரண்டாவதாக, ஒருவர் தமக்கென வழங்கி நிலைபெற்ற வடிவத்தை மாற்றுதல் கூடாது. சிங்மன் ரீயை 'ஈ' என்று திருத்த வேண்டியதில்லை. முதலிடத்தில் ஒரு சொற்றொடரால் அது அதே குடிப்பெயர் எனச் சுட்டினால் போதும். மூன்றாவதாக, குடிப்பெயர் எது என்பது முதற்குறிப்பிலேயே விளங்க வேண்டும். நான்காவதாக, அடைவுகளிலும் கலைக்களஞ்சியங்களிலும் ஒத்தொலிக்கும் பெயர்களை, அகராதிகள் ஒரே வடிவமுடைய சொற்களுக்கு எண்ணிடுவது போல, லீ 1, லீ 2 எனப் பிரித்தல் நன்று. தமிழ் எழுத்தில் புதிய தொனிக்குறிகளைப் புகுத்துவது வாசகருக்குச் சுமையாகும். எண்ணும் ஒருவரி விளக்கமும் அப்பணியைச் செய்துவிடும். வடசொல் தன் எழுத்தை விட்டுத் தமிழெழுத்தை ஏற்கும் என்று வகுத்த தொல்காப்பிய நெறியின் நோக்கும் இதுவே: எழுத்து தமிழாக இருக்கலாம், சொல் எங்கிருந்து வந்தது என்னும் அறிவு இழக்கப்படக் கூடாது.

8. முடிவுரை

காட்டிடை வெளி, பாடல், மலைச்சரிவு, கனிமரம், கருமை, அரசன் அளித்த சிறப்பு ஆகிய இத்தனை வரலாறுகளும் தமிழில் 'லீ' என்னும் ஓரெழுத்தில் வந்து நிற்கின்றன. இது தமிழ் எழுத்தின் குறையன்று. உரோமன் எழுத்தும் இதே சுருக்கத்தையே செய்கிறது. கொரிய எழுத்தும் வடக்கில் ஒன்றாகவும் தெற்கில் ஒன்றாகவும் எழுதுகிறது. எழுத்து தர இயலாத செய்தியைத் தருவது அதனைக் கையாள்வோர் பொறுப்பு.

சொற்பிறப்பு ஆய்வாளர் ஒலியை மட்டும் நம்பினால் இல்லாத உறவைக் காண்பார், இருக்கும் உறவைக் காணாமல் விடுவார். மொழிபெயர்ப்பாளர் அதனை மட்டும் நம்பினால் ஒருவர் குடியை மற்றொருவருக்கு உரியதாக்குவார். முன்னதைப் பின்வரும் ஆய்வு திருத்திவிடக்கூடும். பின்னது பாடநூலிலும் அடைவிலும் புகுந்தபின் திருத்துவது அரிது. பெயருக்குரியவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்று கேட்டறிந்து எழுதுவதே இப்பணியின் முதற்படி.